ஆதிரை இன்று வந்திருக்கிறாள்

பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறவர்கள் மூன்று முன்னுரிமைகளை மட்டும்தான் சொல்லலாம் என்பது விதி. தாரணி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். கழிப்பறையில் நாள் முழுக்கத் தண்ணீர். கணக்குக்கு நிரந்தர ஆசிரியர். இவை இரண்டுக்கும் மேலே, நோட்டீசில் கொட்டை எழுத்தில், 'எந்தப் பிள்ளையும் தனியாக உட்காரக் கூடாது.' எதிர்த்து நின்ற அரிசி ஆலை முதலாளியோ முப்பது முன்னுரிமைகளோடு வந்தார். மூன்றுக்கு மேல் அச்சிட முடியாது என்றதும், முப்பதையும் மூன்று நீளமான வாக்கியங்களாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றைப் படித்து முடித்தவர் வேலங்காட்டூரில் இன்றுவரை யாரும் இல்லை.

மாவுக்கடை தாரணி என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஏழாம் வகுப்பைக்கூட முடிக்காதவள் பள்ளி வாரியத்துக்கு நிற்பதா என்று சிலர் கடைக்கு வந்தே கேட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தோசை மாவை அளந்து ஊற்றிக்கொண்டே, "பாதியில நின்னவளுக்குத்தானுங்க நின்னா என்ன ஆகும்னு முழுசாத் தெரியும்" என்பாள். கேட்டவர்கள் மாவை வாங்கிக்கொண்டு, வாக்கையும் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த முதல் முன்னுரிமை மகள் நிரலியைப் பார்த்து வந்தது. ஊரில் குழந்தைகள் குறைந்துபோய் வெகுகாலம் ஆகிறது. நாற்பது பேருக்குப் போட்ட வகுப்பறையில் பதினைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு வாய் திறக்கத் தோன்றும்? அதற்குத்தான் துணைகள் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். மாட்டியதும் காலி பெஞ்சுகள் நிரம்பிவிடும். நிஜப் பிள்ளைகளைப் படம்பிடித்து, அவர்கள் பேச்சையும் புத்தியையும் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் உண்டாக்கிய பிள்ளைகள். கைதூக்குவார்கள், தப்பாகச் சொல்வார்கள், பக்கத்துப் பிள்ளையோடு கிசுகிசுப்பார்கள். அரசாங்கத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. பிள்ளைகளுக்கு அது துணை, அவ்வளவுதான்.

இப்போதைக்கு ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் மட்டும் துணை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேண்டும் என்பது தாரணியின் வாதம். ஆறாம் வகுப்புவரை நிரலி வகுப்பில் வாயே திறந்ததில்லை. பெயரைக் கேட்டாலே கண் கலங்கிவிடும். இந்த ஜூனில் முல்லை என்ற துணை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலாண்டுப் பரீட்சைக்குள் நிரலியின் வாயை மூடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

அன்று காலையில் தலை பின்னும்போதும் முல்லைப் பேச்சுதான்.

"அம்மா, நேத்து முல்லை என்ன கேட்டா தெரியுமா? மேப்புல வடக்கு ஏன் மேல இருக்குதுன்னு கேட்டா. எங்க ஊட்டுல வடக்கு கிணத்துப் பக்கமாத்தான இருக்குது, ஆகாசத்துலயா இருக்குதுன்னு."

தாரணியின் சீப்பு கொஞ்சம் நின்றது. "அதுக்கு நீ என்ன சொன்ன?"

"மேப்பைத் தரையில விரிச்சு வெச்சுப் பாரு, வடக்கு கிணத்துப் பக்கம் போயிரும்னேன். ஒடனே புரிஞ்சுகிட்டா. டீச்சர் என்னைப் பாராட்டுனாங்க."

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. இதே சந்தேகத்தை அவளும் அந்த வயதில் கேட்டிருக்கிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மக்கு என்ற பட்டம் அன்றைக்குத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சந்தேகம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் பக்கத்தில் ஒரு நிரலி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றும் நினைத்தாள்.

வேட்பாளர்கள் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று வாரியம் அனுமதி கொடுத்திருந்தது. தாரணியின் முறை அன்று மத்தியானம். சாயங்காலம் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். இரண்டு வேட்பாளர்களும் பேச வேண்டும். வகுப்பில் பார்த்ததை அப்படியே மேடையில் சொன்னால் வாக்கு கொட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடப் படியேறினாள்.

அவளும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர்தான் அன்றைக்கு அவளுடைய ஏழாம் வகுப்பு டீச்சர். அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை தொடர்ந்து சில நாள் வரவில்லை என்றால் டீச்சரே வீடு தேடி வந்துவிடுவார். பக்கத்து வீட்டு ஹரிணி நின்றபோது எஸ்தர் டீச்சர் ஸ்கூட்டியில் வந்து, அவள் அப்பாவை நாலு வார்த்தை கேட்டு, பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனதைத் தாரணி கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் அம்மா இறந்துபோய், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அப்பா அவளை நிறுத்தியபோது, தாரணி பெரிதாக அழவில்லை. புத்தகப் பையை அடுக்கிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தாள். ஸ்கூட்டிச் சத்தம் எது கேட்டாலும் வாசலுக்கு ஓடினாள். அப்புறம் பஞ்சாலை வேன் வந்தது. ஸ்கூட்டி வரவே இல்லை.

மக்குப் பிள்ளைதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படித்தான் அவள் முடிவு கட்டியிருந்தாள். அதைப் பற்றி யாரிடமும் பேசியதும் இல்லை.

எஸ்தர் டீச்சருக்கு ஓய்வுபெறும் வயது. ஆள் பற்றாக்குறையால் ஏழாம் வகுப்புக்கு அவர்தான் இன்னும் சமூக அறிவியல் எடுக்கிறார். "வா அம்மிணி, பின்னால உக்காரு" என்று ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தாரணி மாட்டிக்கொண்டாள். சில பிள்ளைகள் இருந்த வகுப்பு ஒரு நொடியில் பிள்ளைக் கூட்டமாகிவிட்டது. எது நிஜம், எது துணை என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோட்டீசின் முதல் வரி எவ்வளவு சரி என்று பெருமையாகக்கூட இருந்தது.

நிரலிக்குப் பக்கத்தில் முல்லை உட்கார்ந்திருந்தாள். வட்ட முகம், தாரணி எங்கேயும் பார்த்திராத முகம். துணைகளுக்கு முகத்தையும் பெயரையும் மாற்றித்தான் வைப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

டீச்சர் ஆறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முல்லை கை தூக்கினாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்து மூன்று கேட்பாள் என்று அவர்களுக்குத் தெரியும். தாரணியின் முதுகில் யாரோ தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அந்த நாளில் அவள் இதே வார்த்தையைச் சொல்லும்போதும் வகுப்பு இப்படித்தான் சிரிக்கும்.

"இத்தன ஆறும் கடல்லதான் போய்ச் சேருதுங்கறீங்க. அப்ப கடல் ஏனுங்க ரொம்பி வழியறதில்ல?"

பதிலுக்குக் காத்திருக்கும்போது முல்லை பின்னலின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். கடித்த உடனே முகத்தைச் சுளித்து, நாக்கை வெளியே நீட்டித் துடைத்தாள்.

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பின்னல் நுனியைக் கடிக்கும் பழக்கம் எந்தப் பிள்ளைக்கும் இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்காகத் தினமும் காலையில் நுனியில் வேப்பெண்ணெய் தடவி அனுப்பியது தாரணியின் அம்மா. கம்ப்யூட்டருக்கு வேப்பெண்ணெய் தெரியாது. அதற்குச் சுளிப்பு மட்டும்தான் தெரியும். கசப்பே இல்லாத ஒரு பின்னலைக் கடித்துவிட்டு அந்தப் பெண் வருஷக்கணக்காக முகம் சுளித்துக்கொண்டிருக்கிறாள்.

மணி அடித்து டீச்சர் வெளியே போனதும் நிரலி தாரணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, முல்லைகிட்டப் பேசு. முல்லை, இவங்கதான் எங்கம்மா, மாவுக்கடை வெச்சிருக்காங்க."

முல்லை வெட்கப்பட்டாள். தாரணி என்ன கேட்பது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டாள். "உங்கம்மா எங்க கண்ணு?"

"எங்கம்மா பெரியாஸ்பத்திரியில இருக்குதுங்க. வெள்ளிக்கெழம வந்துருமுங்க."

"அவங்கம்மா எப்பவும் வெள்ளிக்கெழமதாம்மா வருவாங்க" என்றாள் நிரலி, சாதாரணமாக.

தாரணி கண்ணாடியைக் கழற்றினாள். அங்கே காலி பெஞ்சு இருந்தது. அவளுடைய அம்மா அந்த வெள்ளிக்கிழமை வந்தது உண்மைதான். ஆம்புலன்சில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஆசிரியர் அறையில் எஸ்தர் டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தாரணி உட்காரவில்லை.

"டீச்சர், முல்லை யாருங்க?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருச்சா உனக்கு" என்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"எரிமலை காட்டறோம், இதயம் காட்டறோம்னு உங்க வகுப்புக்குத்தான் முதல்ல கண்ணாடி மாட்டிவிட்டாங்க, நெனப்பிருக்குதா? நீங்க எரிமலையப் பார்த்தீங்க. கண்ணாடி உங்களப் பார்த்துச்சு. நீங்க பேசறது, முழிக்கறது, சந்தேகம் கேக்கறது எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு."

"அத்தன பேர்ல என்னை எதுக்குங்க? நான் மக்குங்க டீச்சர். நீங்களே சொல்லியிருக்கறீங்க."

"சொல்லியிருக்கறேன். என் புத்தி அவ்வளவுதான்." டீச்சர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ எந்தப் பெஞ்சுல உக்காந்தாலும் அந்தப் பெஞ்சுப் பிள்ளைங்களுக்கு மார்க்கு ஏறியிருக்குது. எல்லாருக்கும் இருந்த சந்தேகத்த நீ ஒருத்திதான் வாயத் தொறந்து கேட்டிருக்கற. உனக்குச் சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தே மத்ததுங்க படிச்சுக்கிச்சு. கண்ணாடிக் கம்பெனிக்காரங்க அலசிப் பார்த்துட்டு, எங்களுக்கு இந்தப் பிள்ளைதான் வேணும்னாங்க."

"இந்த ஸ்கூலுக்கு மட்டுமா?"

"முல்லைங்கற பேர்ல எந்த ஊர்ல எந்த வகுப்புல ஒருத்தி உக்காந்திருந்தாலும் அது நீதான் அம்மிணி."

தாரணிக்குத் தெரியாத எத்தனையோ ஊர்களில், இந்த நிமிஷம், அவள் உட்கார்ந்துகொண்டு வடக்கு ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லா ஊரிலும் அவளுடைய அம்மா வெள்ளிக்கிழமை வரப்போகிறாள். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டில் நின்றபடி தூங்கிய வருஷங்களில் எல்லாம் அவள் வகுப்பில்தான் இருந்திருக்கிறாள்.

"அது எட்டாவது போகாதுங்களா?"

"ஜூன்ல மறுபடியும் ஏழாவதுதான். படிச்சதெல்லாம் அழிச்சுருவாங்க. அப்பத்தான புதுசா வர்ற பிள்ளைங்க சொல்லிக் குடுக்க முடியும்."

வெளியே பிள்ளைகள் குழாயடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். தாரணி இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நான் நின்னப்ப நீங்க ஏனுங்க டீச்சர் வரல? ஹரிணி ஊட்டுக்கு வந்தீங்க. நான் பைய மாட்டி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தனுங்க."

எஸ்தர் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ நின்னது எனக்குத் தெரியாது" என்றார்.

"அதெப்படிங்க தெரியாமப் போகும்?"

"நீ நின்ன சமயத்துலதான் துணைய முதல்ல போட்டாங்க. ஒரு பிள்ளை வரலீன்னா வகுப்பு ஒடைஞ்சு போகும், பக்கத்துப் பிள்ளை சொணங்கிப் போகும்னு, வராத பிள்ளையோட எடத்த அந்தப் பிள்ளையோட உருவத்தாலயே நிரப்பிருவாங்க. ஒரு நாள், ரண்டு நாளைக்குன்னுதான் சொன்னாங்க. நான் காலையில கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பேர் கூப்பிடுவேன். தாரணின்னு கூப்பிட்டா, உள்ளேன் டீச்சர்னு உன் குரல்ல பதில் வரும். நீ கை தூக்குவ. ஒண்ணே ஒண்ணுன்னுவ. உன்னை நான் திட்டிக்கூட இருக்கறேன் அம்மிணி, நீ மில்லுல இருந்தப்ப."

யாரோ தாரணியை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்றால் அதை அவளால் வெறுக்க முடியும்; வெறுத்துப் பழகியும் இருந்தாள். இங்கே யாருமே அவளை ஒதுக்கவில்லை. அவள் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. அவளுடைய குரலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

"எப்பத்தானுங்க தெரிஞ்சது?"

"எட்டாவது முடிச்சு டிசி வாங்க எல்லாரும் வந்தாங்க. நீ வரல."

"அப்பவாவது வந்திருக்கலாமுங்களே."

"வந்திருக்கலாம்." டீச்சர் அலமாரியைப் பார்த்தார். "உன் பேர்ல எட்டாவது பாஸ்னு வந்திருச்சு. இடைநிற்றலே இல்லாத பள்ளின்னு அந்த வருஷம் கேடயம் குடுத்தாங்க. நான்தான் மேடையேறி வாங்கினேன்."

கேடயம் அலமாரியின் மேல்தட்டில் சாக்பீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. தாரணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் என்று கை பரபரத்தது. அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. அது உறைத்ததும் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய், பயம் வந்தது.

"டீச்சர், இப்பவும் அப்படித்தான் நிரப்புதுங்களா?"

"அது இருக்குது. ஆனா இப்ப யாரு நிக்கறா? நம்ம ஸ்கூல்ல வருகை எப்பவும் நூத்துக்கு நூ..."

எஸ்தர் டீச்சர் சொல்லவந்ததை முடிக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ அப்படியே ஆறிப்போய்க் கிடக்க, இருவரும் வகுப்பைப் பார்த்து நடந்தார்கள். கடைசியில் ஓடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாரும் கண்ணாடியக் கழட்டி டெஸ்க் மேல வையுங்க" என்றார் டீச்சர். தன்னுடையதையும் கழற்றினார். "பேர் கூப்பிடறேன்."

பிள்ளைகள் இதென்ன புது விளையாட்டு என்று பார்த்தார்கள். டீச்சர் மனப்பாடமாகவே கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உள்ளேன் வந்தது.

"ஆதிரை."

பதில் இல்லை. நிரலிக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் ஒரு பல்லி ஓடியது.

"ஆதிரை" என்று டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். "காலையிலகூடப் பாட்டு ஒப்பிச்சாளே. ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சாளே."

தாரணி மகளைப் பார்த்தாள். நிரலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிரலி, உனக்குத் தெரியுமா?"

"எங்க எல்லாருக்கும் தெரியும்மா. சோறு திங்கறப்ப கண்ணாடியக் கழட்டுவோம்ல, அப்ப அவ இருக்கமாட்டா."

"எத்தன நாளா?"

"ஆயுத பூசை லீவுக்கு முன்னாடியே."

"ஏண்டி யாருகிட்டயும் சொல்லல?" தாரணி கத்தியேவிட்டாள்.

நிரலிக்கு அம்மா ஏன் கத்துகிறாள் என்று நிஜமாகவே புரியவில்லை. அது முகத்தில் தெரிந்தது. "எதுக்கும்மா சொல்லோணும்? மணி அடிச்சதும் திரும்பி வந்துருவாளே."

மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒரு சிநேகிதி காணாமல் போனால் தேட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். காணாமல் போகிற அனுபவமே அவர்களுக்கு இல்லை. தாரணிக்கு அன்று முழுக்க வந்த அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகத் துணை வேண்டும் என்றுதான் அவள் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டிருக்கிறாள்.

டீச்சர் மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தார். மற்ற எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் இல்லை.

"ஆதிரை ஊடு எங்கீங்க டீச்சர்?"

டீச்சருக்குத் தெரியவில்லை. பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண்தான், நார் மில்லுக்குப் பின்னால் லைன் வீடு என்று சொன்னாள்.

வாசலில் தன் ஸ்கூட்டியை எடுக்கும்போது தாரணியின் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து கூட்டம் நடத்துகிறவர். "கெளம்பிட்டீங்களாங்க? முதலாளி அப்பவே வந்துட்டாரு. மைக்க அவருகிட்டக் குடுத்தம்னா திரும்ப வாங்கறது கஷ்டமுங்க."

"நான் வரலீங்க. ஒரு பிள்ளையத் தேடிப் போறேன்."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? ஊரே ஒக்காந்திருக்குது. நீங்க வரலீன்னா போச்சுங்க, ஜெயிக்கவே முடியாது."

"தெரியுமுங்க. என்னோட முதல் வரிய மட்டும் மாத்திப் படிச்சுருங்க."

"சொல்லுங்க."

"காலி இடம் காலியாத் தெரியணும்."

"இது யாருக்கும் புரியாதுங்களே?"

"புரியறவங்களுக்குப் புரியட்டுங்க" என்று போனை வைத்தாள். இதைச் சொன்னால் தோற்றுவிடுவாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நூற்றுக்கு நூறு வருகை உள்ள ஊரில் காலி இடத்தை யார் பார்க்க விரும்புவார்கள்?

எஸ்தர் டீச்சர் படியில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமல் வருவதா என்று தயங்குகிற நிற்பு.

"ஏறுங்க டீச்சர்" என்றாள் தாரணி.

லைன் வீடுகள் மில் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. காற்றெல்லாம் தேங்காய் நார்த் தூசி. எந்தக் கதவு என்று யாரையும் விசாரிக்க வேண்டி இருக்கவில்லை. ஸ்கூட்டி நின்ற சத்தம் அடங்குவதற்குள் ஒரு கதவு தானாகத் திறந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பிள்ளை நின்றாள். ஓடிவந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. நிரலி வயதுதான். டீச்சரைப் பார்த்ததும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தாரணிக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். தன் வாசலில் யாராவது வந்து அதைச் சொல்வார்கள் என்று ஒரு காலத்தில் அவள் தினமும் மனதுக்குள் கேட்டுப் பார்த்த வாக்கியம். தன் வாயாலேயே சொல்லப்போகிறோம் என்று நினைத்ததில்லை.

"ஸ்கூல்ல இருந்து வர்றோம் கண்ணு. நீ வர்றதில்லன்னு தேடி வந்தோம்."

ஆதிரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நான் வர்றதில்லன்னு ஆருங்க சொன்னா? நான் அங்கதானுங்க இருக்கறேன்."

"என்ன கண்ணு சொல்ற?"

உள்ளே போய் ஒரு போனை எடுத்துவந்து காட்டினாள். அம்மா மில்லுக்குப் போகும்போது அவளிடம் விட்டுப் போகிற போன். திரையில் அன்றைய செய்தி இருந்தது. 'உங்கள் மகள் ஆதிரை இன்று பள்ளிக்கு வந்திருக்கிறாள். தமிழ்ப் பாடலைப் பிழையின்றி ஒப்பித்தாள்.'

"அம்மா மில்லுல இருந்து வந்ததும் தெனமும் இத நான்தான் படிச்சுக் காட்டுவேன். காலாண்டுல கணக்குல நல்ல மார்க்குங்க எனக்கு" என்றாள் ஆதிரை. குரலில் பெருமை இருந்தது. "தம்பியப் பார்த்துக்க ஆளில்லீங்க. ரண்டு எடத்துலயும் நான் எப்படீங்க இருக்கறது? அதான், அங்க அவ படிக்கறா. நான் இவனப் பார்த்துக்கறேன்."

எஸ்தர் டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தான் வகுப்பில் இருந்தது தாரணிக்கு இருபது வருஷத்துக்கு மேல் தெரியாமல் இருந்தது. இந்தப் பிள்ளைக்கோ முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்து, அதுவே போதும் என்று இருந்திருக்கிறது.

"அவ படிச்சா அவளுக்கு. உனக்கு என்ன கண்ணு?" என்றாள். "எனக்கு நீதான் வேணும். தம்பியையும் தூக்கிக்க. அவனுக்கு என்ன வழின்னு உங்கம்மாகிட்ட இன்னைக்கே பேசிக்கலாம்."

டீச்சர் படியில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆதிரை குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்தாள்.

பிறகு திரும்பிக் கதவை லேசாக இழுத்தாள். பின்னால் ஆணியில், புத்தகங்கள் அடுக்கி ஜிப் போட்டு, பை தொங்கிக்கொண்டிருந்தது.